கதவைத் தட்டிய பெரியவர்: லொபோட்டன் தீவுகளில் பூபில் பயணம்

ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறேன்.

ஜூன் தொடக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் வட நோர்வேயிலுள்ள லொபோட்டன் தீவுகளுக்குப் போய் வந்தோம். அப்பா, அம்மா, நான், மனைவி, எட்டு வயது மகள். ஏழு மீட்டர் நீளமான வாடகைப் பூபில். (மோட்டார் வீட்டை நோர்வேயில் இப்படித்தான் சொல்வார்கள். ‘பூ’ என்றால் வசிப்பது, ‘பில்’ என்றால் கார்.) இடங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் அங்கே சந்தித்த ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒஸ்லோவிலிருந்து பூடோ வரை ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். மூன்று நாள் எடுத்து ஓடினோம். சால்ட்ஃபியெல் மலை மேட்டில் வடதுருவ வட்டத்தைக் கடந்தபோது வீதியோரத்தில் இன்னும் பனி கிடந்தது. பூடோவில் வண்டியைக் கப்பலில் ஏற்றினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் திறந்த கடல். அம்மா கண்ணை மூடிக்கொண்டே இருந்தா. நான் மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். முதலில் தெரிவது தீவு இல்லை, பல்வரிசை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கிட்டப் போகப் போகத்தான் அது கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பும் மலைகள் என்று விளங்குகிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் ஒடுங்கிய கரையில்தான் வீடு, வீதி, தேவாலயம், ஆட்டுப் பட்டி எல்லாம். ஏறத்தாழ 24,000 பேர் வாழ்கிற இடம் அது. வண்டியோடு போகிறவர்கள் இந்த ஒடுக்கத்தை முதலில் மனதில் வைக்க வேண்டும். அங்கே சும்மா கிடக்கிற நிலம் என்று அநேகமாக ஒன்றும் இல்லை.

அது எனக்கு முதல் இரவே தெரிய வந்தது. மொஸ்கெனஸ் துறையில் இறங்கும்போது இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. வெயில் எரிந்தது. அந்தப் பக்கத்தில் மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறையாது. வெளிச்சம் இருந்ததால் களைப்புத் தெரியவில்லை. ஈ10 வீதியில் கொஞ்சத் தூரம் வடக்கே ஓடி, கடலோரமாக ஒரு சரளைக்கல் மூலையைக் கண்டு நிறுத்தினேன். தடைப் பலகை எதுவும் இல்லை. நோர்வேயில் எல்லோருக்கும் காடு மலை திரியும் உரிமை இருக்கிறதே, ஓரிரவு நின்றால் என்ன என்று நினைத்தேன்.

அரை மணி கழித்துக் கதவில் தட்டுச் சத்தம். எழுபது வயதுக்கு மேலிருக்கும், ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெரியவர். கோபமாக இல்லை. “காலை ஐந்து மணிக்கு என்னுடைய படகு வண்டி இந்த மூலையால்தான் தண்ணீருக்கு இறங்கும். நீ தூங்கிக்கொண்டிருப்பாய். உன்னை எழுப்ப எனக்கு மனம் வராது. அதனால்தான் இப்போதே வந்தேன்” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, மகள் தூங்குவதைக் கண்டு குரலைத் தாழ்த்தி, “என் முற்றத்தில் வந்து நில். சமதரைதான்” என்றார்.

அந்தத் திரியும் உரிமையைப் பற்றிப் பிறகு அவரே எனக்கு விளக்கினார். 1957 சட்டம் கால்நடையாகவும் சறுக்குப் பலகையிலும் போகிறவனுக்கும் கூடாரம் அடிக்கிறவனுக்கும் உரியது. கூடாரம் என்றாலும் ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி. சில்லு வைத்த வீட்டுக்கு அந்தச் சட்டம் ஒன்றும் தரவில்லை. வீதியை விட்டுப் புல்லில் ஏறுவது குற்றம். அங்கே மண் மெல்லிசு. ஒரு டயர் தடம் பல வருஷம் அழியாமல் கிடக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டில் வண்டி ஓட்டுகிறேன், இதைச் சரியாக விளங்கிக்கொண்டது அந்த முற்றத்தில்தான்.

காலையில் கதவைத் திறந்தால் மணம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த மணம். வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டாள் உயரத்துக்கு மரச்சட்டங்கள், அதில் வாலில் கட்டிச் சோடி சோடியாகத் தொங்கும் கொட் மீன். ஆயிரக்கணக்கில். காற்று வீசும்போது ஒன்றோடொன்று முட்டிக் காய்ந்த விறகு போலச் சத்தம் வந்தது. பக்கத்துச் சட்டத்தில் தலைகளை மட்டும் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அவை நைஜீரியாவுக்குப் போகின்றன, நல்ல மீன் இத்தாலிக்கு.

அம்மா கிட்டப் போய் ஒரு மீனைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தா.

“இஞ்சருங்கோ, இதுக்கு உப்புப் போடேல்லையோ?”

அப்பா சிரித்தார். “இல்லையப்பா. குளிர்தான் இதுக்கு உப்பு.”

அதுதான் அந்தத் தொழிலின் முழு இரகசியமும். குளிர்காலத்தில் பாரென்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் கொட் மீனைப் பெப்ரவரியிலிருந்து தொங்கவிடத் தொடங்குகிறார்கள். அந்த மாதங்களில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அதைவிடக் குளிர்ந்தால் சதை உறைந்து கெட்டுவிடும், சூடானால் இலையான் மொய்க்கும். வடக்கே இவ்வளவு தூரத்தில் அந்த இடைப்பட்ட குளிர் கிடைப்பதற்குக் காரணம் தெற்கிலிருந்து வரும் சூடான கடல் நீரோட்டம். எங்கள் ஊரில் வெயிலும் உப்பும் செய்கிற வேலையை இங்கே காற்று தனியாகச் செய்கிறது.

அப்பாவுக்கு இது எப்படித் தெரியும் என்று பெரியவர் கேட்டார். 1987-இல் பின்மார்க்கில், பொட்ஸ்ஃபியூர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன் என்று அப்பா சொன்னார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எத்தனையோ இளைஞர்கள் வடக்கே மீன் வெட்டியவர்கள்தான். எங்கள் ஆட்களுக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள உறவே மீனில் தொடங்கியது. 1956-இல் இங்கே வந்து மீன்பிடித் தொழில் படித்த அந்தோனி இராசேந்திரம்தான் பின்னால் காரைநகரில் சீநோர் படகுத் தளத்தை உருவாக்கியவர். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் படகும் வசந்த காலத்தில் பின்மார்க் பக்கம் போகும், அதே துறையில்தான் மீன் இறக்குவோம் என்றார். அந்த வருஷமும் இறக்கினாராம். இரண்டு பேரும் ஒரே மேடையின் இரண்டு பக்கத்தில் நின்றிருக்கலாம். அப்பா தன் கையை நீட்டி, இடது பெருவிரலில் பழைய கத்தி வெட்டைக் காட்டினார். பெரியவரும் தன் கையை நீட்டினார். அதில் எண்ண முடியாத வெட்டுகள்.

ஒரு காய்ந்த மீனை எடுத்து, கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்து, நார் நாராகப் பிரித்துத் தந்தார். அப்படியே சாப்பிடலாம். அம்மா வாயில் போட்டதும், “அட, மாசி மாதிரியெல்லே இருக்கு!” என்றா. அன்று மத்தியானம் பூபிலின் சின்னக் குசினியில், சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி எல்லாம் போட்டு அந்த மீனில் சம்பல் இடித்தா. பெரியவருக்கும் ஒரு தட்டில் பாணோடு கொடுத்தோம். அவருக்கு உறைப்பால் கண்ணீர் வந்தது, நிறுத்தாமல் சாப்பிட்டார்.

ஒரு நாள் நிற்க வந்த இடத்தில் இரண்டு இரவு நின்றோம். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெய்ன, ஹம்னோய் எல்லாம் படத்தில் இருப்பதைவிட வடிவு, ஆனால் வண்டி விட இடம் இல்லை. காலை எட்டுக்கு முன் போங்கள். வீதி முடியும் ஊருக்குப் பெயரே ஒற்றை எழுத்து, ‘ஓ’. அங்கே காய்ந்த மீனுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லா இரவும் காசு கட்டும் முகாமிடங்களில் நின்றோம். கழிவுத் தண்ணீர் இறக்க, கழிவறைப் பெட்டி கழுவ அங்கேதான் ஒழுங்கான வசதி உண்டு. எடையையும் பாருங்கள். சாதாரண பி வகைச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு 3500 கிலோதான் எல்லை. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் அது சட்டென்று நிரம்பிவிடும். நாங்கள் தண்ணீர்த் தாங்கியைக் கால்வாசி நிரப்பி ஓடினோம்.

உங்களுக்கு வழியில் யார் வாய்த்தார்கள், எழுதுங்கள்.

*

பெர்கனிலிருந்து.

அண்ணா, வாசிக்கும்போது உங்கள் அம்மாவின் சம்பல் மணத்தது. எங்களுடையது இழுவைக் கேரவன். போன வருஷம் மனைவியும் நானும் இரண்டு பையன்களும் போனோம்.

எனக்கு வாய்த்தவர் ஒரு பஸ் சாரதி. ஃப்ரெட்வாங் பக்கம் போகும் பாலங்கள் ஒற்றை வழி. பாலத்தை நன்றாகவே கடந்துவிட்டேன். அப்புறம் வந்த ஒடுங்கிய வீதியில், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், எதிரே பஸ். நீல நிறத்தில் எம் எழுத்துப் போட்ட ஒதுங்குமிடம் எனக்குப் பின்னால் எண்பது மீட்டர். கேரவனைப் பின்னுக்குத் தள்ளத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. எனக்குக் கை நடுங்கியது. இரண்டு தரம் முயன்று இரண்டு தரமும் கேரவன் மடிந்து பாறைப் பக்கம் திரும்பியது.

அந்தச் சாரதி பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தார். அவர் பயணிகளில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. என் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி. கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்து.” பிறகு பின்னால் நடந்துகொண்டே கையால் காட்டினார். ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டேன். ஏறப் போகும் முன் திரும்பி வந்து, “கண்ணாடியைப் பார். உனக்குப் பின்னால் மூன்று கார் சேர்ந்தால் அடுத்த ஒதுங்குமிடத்தில் விட்டுவிடு. இங்கே வேலைக்குப் போகிறவர்களும் இதே வீதியில்தான் போகிறார்கள்” என்றார். அதை அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன். மூத்தவன் பின்சீட்டிலிருந்து எண்ணிச் சொல்வான்.

*

வணக்கம், ஸ்டவாங்கரிலிருந்து. சொந்த ஊர் கோயம்புத்தூர்.

நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில். கூட்டம் இல்லை, இரவில் துருவ ஒளி பார்க்கலாம் என்று ஆசை. ஆனால் செப்டம்பர் என்றால் புயலும் வரும் என்பதை நான் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

லெக்னெஸ் பக்கம் ஒரு முகாமிடம். காற்று தென்மேற்கிலிருந்து என்று வானிலைச் செயலி சொன்னது. சரி, மலைக்குப் பின்னால் ஒதுங்கிவிடலாம் என்று மலை அடிவாரமாகப் போய் நிறுத்தினோம். அங்கே ஏற்கெனவே நின்றிருந்த ஒரு ஜெர்மன் தம்பதி, இருவருக்கும் எழுபது இருக்கும், மழையில் நனைந்துகொண்டே எங்களிடம் வந்தார்கள். அவர்கள் இடத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். “இங்கே நிற்காதே. மலை காற்றைத் தடுக்காது, அது உச்சியில் ஏறி இந்தப் பக்கம் மொத்தமாக விழும்” என்றார் அந்த அம்மா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அவர்கள் சொல்லும் விதத்தைப் பார்த்துப் பின்னாலேயே போனோம்.

திறந்த மைதானத்தில், காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பி நிறுத்தச் சொன்னார்கள். பக்கவாட்டில் காற்று பட்டால்தான் இந்த உயரமான வண்டிக்கு ஆபத்து. கூரைச் சாளரங்களை இறுக்கிப் பூட்டி, வெளிப்பந்தலைச் சுருட்டிக் கட்டி, நாற்காலிகளை உள்ளே எடுத்தோம். இரவு ஒரு மணிக்கு ஆரம்பித்தது. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது, ஆனால் சீராக ஆடியது. மலையடிவாரத்தில் நாங்கள் முதலில் நின்ற இடத்தில் அலை அலையாகத் தண்ணீர்த் திரை எழுந்து சுழல்வதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். என் மனைவி என் கையை விடவேயில்லை. காலையில் அந்த அம்மா இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் ஃபில்டர் காப்பி போட்டுக் கொடுத்தோம்.

இன்னொன்று. ரெய்னபிரிங்கன் மலை 448 மீட்டர். அதற்குக் கல்படி அமைத்தவர்கள் நேபாளத்து ஷெர்பாக்கள். கிட்டத்தட்ட 2000 படி. பழனி ஏறிப் பழகிய கால் என்று கிளம்பினேன், பாதியில் மூன்று தரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கல்லும் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் அழகுக்காகவே ஏறலாம். மழை நாளில் மட்டும் வேண்டாம்.

அண்ணா, அந்தப் பெரியவரோடு தொடர்பு இருக்கிறதா?

*

மறுபடி ஒஸ்லோவிலிருந்து.

இருக்கிறது தம்பி. கிளம்பும்போது ஆறு மீன் கட்டித் தந்தார். அம்மா ஒரு மீனை ஒரு கிழமை தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, முருங்கைக்காய் போட்டுக் குழம்பு வைத்தா. அதன் படத்தை அப்பா அவருக்கு அனுப்பினார். மீன் ஏறும் காலத்தில் வா, படகில் ஏற்றிப் போகிறேன் என்று பதில் வந்திருக்கிறது. மார்ச்சில் போக வேண்டும் என்று அப்பா நிற்கிறார்.

ஆகவே ஒரு கேள்வி. மார்ச்சில் அந்தப் பக்கம் பூபிலோடு போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தண்ணீர்த் தாங்கி உறையாமல் எப்படிச் சமாளித்தீர்கள், ஆணி டயர் இல்லாமல் ஈ10 வீதி சரிவருமா? அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. குளிர் அவருக்குப் பழக்கம்தான், எனக்குத்தான் வீதியை நினைத்தால் யோசனையாக இருக்கிறது.