உலக நேரக் கைக்கடிகாரம்: மஞ்சள் தங்கமா, ரோஸ் கோல்டா, வெள்ளைத் தங்கமா, பிளாட்டினமா?

கேட்பவர்: காரைக்குடி, செக்காலை

வணக்கம். எங்கள் அப்பச்சிக்கு வரும் தை மாதம் அறுபதாம் கல்யாணம். பிள்ளைகள் மூவரும் சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று ஆளுக்கோர் ஊரில் இருக்கிறோம். எங்கள் ஊர்களின் நேரத்தை மனக்கணக்காகப் போட்டுத்தான் அவர்கள் எங்களுக்குப் பேசுவார்கள். ஆகவே மூவரும் சேர்ந்து நல்ல உலக நேரக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கித் தர விரும்புகிறோம். பல மாதிரிகளையும் பார்த்த பிறகு, சுவிட்சர்லாந்தின் பாட்டெக் பிலிப் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 5110 மாதிரியை, முன்பு ஒருவர் அணிந்ததாக இருந்தாலும் சரி, வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். அதன் 37 மில்லிமீட்டர் அளவு அப்பச்சியின் மெலிந்த மணிக்கட்டுக்குப் பொருந்தும்; 2006இல் அதன் இடத்துக்கு வந்த 5130 மாதிரி 39.5 மில்லிமீட்டர் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

இந்த மாதிரி மஞ்சள் தங்கம், ரோஸ் கோல்ட், வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என நான்கு உலோகங்களிலும் கிடைக்கிறது. உள்ளிருக்கும் இயந்திரம் நான்கிலும் ஒன்றே. அப்படியானால், விலை நீங்கலாக, அன்றாடம் அணிகிறவருக்கு இந்த நான்குக்கும் என்ன வேறுபாடு? நம் பக்கத்து வெயிலுக்கும் வியர்வைக்கும் எது நின்று உழைக்கும்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: தேவகோட்டை, நகைப் பட்டறைக் குடும்பம்

ஐயா, கடிகாரத்தின் இயந்திரம் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் வீடுகளில் புழங்கும் நகை 22 காரட், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். சுவிஸ் கடிகாரங்களின் தங்கக் கூடுகள், அதாவது இயந்திரத்தை மூடியிருக்கும் வெளியுறைகள், பெரும்பாலும் 18 காரட், ஆயிரத்தில் 750 பங்கு. மாற்றுக் குறைவு என்று அப்பச்சி முகம் சுளிக்கக்கூடும். ஆனால் மிச்சமுள்ள 250 பங்கில் சேரும் செம்பும் வெள்ளியும்தான் கூட்டுக்கு வேண்டிய உறுதியைத் தருகின்றன. 22 காரட்டில் செய்த கூடு மேசை விளிம்பில் இடித்தாலே நசுங்கும். அந்த 250 பங்கில் செம்பும் வெள்ளியும் ஏறக்குறைய சமமாக நின்றால் நமக்குப் பழகிய மஞ்சள் நிறம் வரும். செம்பு ஓங்கினால் ரோஸ் கோல்ட். பல்லேடியம், நிக்கல் போன்ற வெண்ணிற உலோகம் சேர்ந்தால் வெள்ளைத் தங்கம்.

ரோஸ் கோல்டில் செம்பு மிகுதி என்பதால், வியர்வையும் நீச்சல் குளத்துக் குளோரினும் ஆண்டுக்கணக்கில் படும்போது நிறம் சற்றே மங்கக்கூடும். மெல்லிய துணியால் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெள்ளைத் தங்கத்தில் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பல்லேடியம் மிகுந்த கலவையானால் தன்னளவிலேயே சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கும். மேலே ரோடியம் என்னும் வெண்ணிற உலோகத்தின் பூச்சு இருந்தால், விளிம்புகளில் பூச்சுத் தேயத் தேய அடியிலுள்ள இளமஞ்சள் எட்டிப் பார்க்கும். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் சிலருடைய தோலில் அரிப்பு உண்டாக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிளாட்டினத்தின் போக்கே வேறு. ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம் என்பதால் ஏறத்தாழத் தூய உலோகம். நிறம் மாறாது, பூச்சும் வேண்டாம். அதே கூட்டைத் தங்கத்தில் செய்தால் வரும் எடையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். பிளாட்டினம் என்றால் கீறலே விழாது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. கீறல் விழும், ஆனால் தங்கம் உராய்வில் தேய்ந்து போவதுபோல் பிளாட்டினம் போவதில்லை, உழவுச் சால் ஓரத்து மண்போல் கீறலின் இருபுறமும் ஒதுங்கி நிற்கும். இதனால் நாளடைவில் பளபளப்புக் குறைந்து ஒருவகைப் பால் மங்கல் வந்து சேரும். அதைத் திரும்பப் பளபளப்பாக்குவது எளிய வேலை இல்லை. தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும். பிளாட்டினத்துக்கு 1768 பாகை வேண்டும். பாலிஷ் சக்கரமும் மருந்தும் கூடத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், தங்கத் தூள் ஒட்டிய கருவியைப் பிளாட்டினத்தில் வைக்கவே கூடாது.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். எந்த உலோகத்தில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கவோ பாலிஷ் போடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். சோதித்துத்தான் ஆக வேண்டும் என்றால் எக்ஸ் கதிரால் மாற்றுக் காட்டும் காரட் மீட்டரில் வைத்துப் பாருங்கள், அது பொருளைத் தொடுவதே இல்லை. முரட்டுப் பாலிஷில் கூட்டின் கூரிய விளிம்புகள் மழுங்கும், முத்திரை அழியும். பிறகு அதை வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த விளிம்புகளைத்தான்.

அப்பச்சி நாள்தோறும் அணிவார் என்றால் என் தேர்வு மஞ்சள் தங்கம். மோதிரத்தோடும் சங்கிலியோடும் நிறம் இசையும்.

மறுமொழி 2: பள்ளத்தூர் (இப்போது சிங்கப்பூர்)

அண்ணன் சொன்ன உலோகச் செய்திகள் அனைத்தும் சரி. முடிவில் மட்டும் நான் வேறுபடுகிறேன். 5110 மாதிரியின் பிளாட்டின வடிவத்துக்கு நீல டயல்; அந்த ஆழ்ந்த நீலத்தின் மேல் வெள்ளிநிற முட்கள் துலக்கமாகத் தெரிவதை நேரில் பார்த்தவர்களுக்கு மற்ற மூன்றும் சற்றுச் சாதாரணமாகவே தோன்றும். இரண்டாம் கை விற்பனையிலும் தேடப்படுவது பிளாட்டினம்தான். எடை பற்றிய எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன்: தோல் வாரில் கட்டிய சிறிய கடிகாரம் கனமாக இருந்தால், வார் சற்றுத் தளர்ந்தாலும் மணிக்கட்டின் பக்கவாட்டில் சரிந்துகொண்டே இருக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை: பாட்டெக் பிலிப் தன் பிளாட்டினக் கடிகாரங்களில் வார் மாட்டும் காதுகளுக்கு நடுவே சிறு வைரம் ஒன்றைப் பதிக்கும், வெள்ளைத் தங்கத்தைப் பிளாட்டினம் என்று எண்ணி ஏமாறாதிருக்க அது ஒரு நல்ல அடையாளம். 1995 முதல் சுவிட்சர்லாந்தின் அரசு முத்திரையாக இருப்பது செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. அது கூட்டில் தெளிவாக இருக்க வேண்டும். வாரின் பக்கிளும் கூட்டின் உலோகத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள், பலர் அதைக் கவனிப்பதில்லை. நிறுவனத்தின் பழம் பதிவேடுகளிலிருந்து கடிகாரத்தின் எண், தயாரித்த ஆண்டு, விற்ற நாள் ஆகியவற்றைக் காட்டும் சான்றும் உண்டு, விற்பவரிடம் கேளுங்கள்.

மறுமொழி 3: கானாடுகாத்தான்

உலோகம் பற்றி நிறையப் பேசியாயிற்று. நமக்கு அதைவிட முக்கியமான ஒன்றை ஒருவரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன்.

ஜெனீவாவைச் சேர்ந்த லூயி கோட்டியர் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய உலக நேர ஏற்பாட்டின் வழியில் வந்தது இந்தக் கடிகாரம். ஊர்ப்பெயர் வளையம் ஒன்று, 24 மணி வளையம் ஒன்று; ஓர் ஊர்ப்பெயருக்கு நேரே நிற்கும் எண்ணே அந்த ஊரின் மணி. பத்து மணி இருக்கும் பக்கத்துப் பட்டனை அழுத்தினால் இரண்டு வளையங்களும் மணி முள்ளும் ஒரு மணி நேரம் நகரும், நிமிட முள் அசையாது. நிமிட முள் உலகம் முழுவதற்கும் ஒன்றே என்பதுதான் இதன் அடிப்படை. இந்திய நேரமோ கிரீனிச்சைவிட ஐந்தரை மணி முந்தியது. அந்த அரை மணிக்கு வளையத்தில் இடம் இல்லை. ஐந்துக்குக் கராச்சி, ஆறுக்கு டாக்கா. நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம்.

அதற்கு வழி உண்டு. டாக்காவை மேலே, 12க்கு நேராகக் கொண்டுவந்து, முட்களை இந்திய நேரத்துக்கு வைத்துவிடுங்கள். அப்போது மற்ற முழுமணி ஊர்கள் அனைத்துக்கும் வளையம் காட்டும் நேரத்தோடு அரை மணி கூட்டினால் போதும். காரைக்குடியில் காலை 7 மணி என்றால், கிரீனிச்சைவிட எட்டு மணி முந்திய கிழக்கு ஆசிய வட்டத்துக்குரிய ஊர்ப்பெயர் அருகே 9 தெரியும். சிங்கப்பூரின் உண்மை நேரம் 9.30. லண்டன் அருகே 1 தெரியும், உண்மையில் 1.30. கோடையில் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும்போது அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதில் நமக்கு ஓர் இதமான வசதியும் கிடைக்கிறது: இதே அமைப்பில் பாங்காக் என்று எழுதிய இடம் ரங்கூன் நேரத்தை அப்படியே காட்டும், ஏனெனில் பர்மாவும் நம்மைப் போலவே அரை மணி வைத்திருக்கும் நாடு. கொழும்புக்கும் நமக்கும் ஒரே நேரம். நம் முன்னோர் கொண்டுவிற்கப் போன ஊர்களில் இந்த இரண்டுக்கும் கணக்கே போட வேண்டாம்.

அந்தக் கூட்டலும் வேண்டாம் என்றால், வாஷரோன் கான்ஸ்டன்டின் 2011இல் ரோஸ் கோல்டில் வெளியிட்ட உலக நேரக் கடிகாரத்தைப் பாருங்கள். அது அரை மணி, கால் மணி ஊர்களையும் சேர்த்து 37 நேர வட்டங்களைக் காட்டும். ஆனால் அளவு 42.5 மில்லிமீட்டர். மெலிந்த கைக்கு அது பெரிது.

உலோகத்தில் என் கருத்து ரோஸ் கோல்ட். மாநிறக் கையில் அது மஞ்சளைவிட அடக்கமாகவும் வெள்ளையைவிட உயிரோட்டமாகவும் தெரியும்.

கேட்பவர்: காரைக்குடி, செக்காலை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எடையும் பாலிஷ் சிரமமும் கருதிப் பிளாட்டினத்தை விட்டுவிடுகிறோம், அப்பச்சியின் கை இப்போதே சற்று நடுங்குகிறது. மஞ்சள் தங்கம், ரோஸ் கோல்ட் இரண்டையும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி நேரில் பார்த்து, விளிம்பும் முத்திரையும் எதில் நன்றாக இருக்கின்றனவோ அதை எடுப்பான். இதை எழுதும்போது இன்னொரு செய்தியும் கண்ணில் பட்டது: பின்பக்கக் கண்ணாடி வழியே தெரியும் சிறு சுழலி, கை அசையும்போது சுற்றி வில்லை முறுக்கும் அந்தப் பாகம், 22 காரட் தங்கமாம். சிறிய பாகத்துக்குக் கனம் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். 18 காரட் என்று அப்பச்சி கேட்டால், இதைக் காட்டிச் சொல்வோம்.