ஹட்டன் டவுனில் கோடைத் தண்ணீர்: 1000 லீட்டர் தாங்கி போதுமா?

கேள்வி – மழைமுகில்
வணக்கம். டவுனில் வாடகை வீடு, நாலு பேர். தகரக் கூரை; பீலி (கூரைத் தண்ணீர் வடியும் கால்வாய்) போடக்கூடிய பக்கம் ஏறத்தாழ 40 சதுர மீற்றர். தை பிறந்தால் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். 1000 லீட்டர் தாங்கி வாங்கி மழைத் தண்ணீர் பிடித்தால் சமாளிக்கலாமா? கரண்ட் பில்லும் குறைய வேண்டும். சுவரை உடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

பதில் – பீலிக்கரை
தாங்கிக்கு முன் கழிப்பறையைப் பாருங்கள். பழைய சிஸ்டன் (ஃபிளஷ் தொட்டி) ஒரு தடவைக்கு 9 லீட்டர் கொட்டும். ஆளுக்கு ஐந்து தடவை என்றால் நாளைக்கு 180 லீட்டர். நிரம்பிய தாங்கி ஆறாம் நாள் காலி. தை, மாசியில் அதை மறுபடி நிரப்ப நம்ம பக்கம் மழையை நம்ப முடியாது.

முதலில் கசிவைப் பாருங்கள். ஆறிய கெட்டிச் சாயத்தை (பால் விடாத தேநீரை) வடிகட்டி, இரவு படுக்கும்போது சிஸ்டனில் ஊற்றுங்கள். காலையில் கோப்பைத் தண்ணீரில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் ஒழுகும் என்பதால் பலர் கவனிப்பதில்லை. ரப்பர் மாற்றச் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

அடுத்து, உடுப்பு அலசிய தண்ணீரை 5 லீட்டர் வாளியில் எடுத்து நேரே கோப்பைக்குள் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சிஸ்டனுக்குள் ஊற்றவே கூடாது. நூலும் நுரையும் ரப்பரில் படிந்து புதிய கசிவு தொடங்கும். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நாறும்.

பதில் – தகரக்கூரை
பீலிக்கரையின் கணக்கு சரி. ஆனாலும் தாங்கியைக் கைவிட வேண்டாம். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தாலும் 30 மில்லிமீற்றர் மழைக்கு உங்கள் கூரையில் 960 லீட்டர் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் பின்னேரம் இடியோடு வரும் நல்ல மழை ஒன்று போதும். தை, மாசிக்கு வேண்டியதை மார்கழிக்குள்ளேயே நிரப்பி மூடிவிடுங்கள்.

நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில்தான் தூசியும் பறவை எச்சமும் இறங்கும். முதல் 20 லீட்டரை ஒதுக்க வேண்டும். பீலியிலிருந்து இறங்கும் பைப்பில் டீ (T வடிவ) இணைப்பு போட்டு, பக்கவாயைத் தாங்கிக்குக் கொண்டுபோங்கள். கீழ்வாயில் 110 மில்லிமீற்றர் பைப் இரண்டரை மீற்றர். மீற்றருக்கு ஏறத்தாழ 8 லீட்டர் பிடிக்கும். உயரம் போதாவிட்டால் முழங்கை போட்டு மிச்சத்தைச் சுவரோரம் சற்றுச் சரிவாகப் படுக்க விடலாம். கடைசியில் திருகு மூடி, அதில் 2 மில்லிமீற்றர் துளை. இது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் தாங்கிக்குத் திரும்பும்.

துளை மண்ணால் அடைபடுவதுதான் வழக்கமான கோளாறு. அடைபட்டால் பைப் நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேரே தாங்கிக்குள் போகும். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மூடியைத் திறந்து கழுவுங்கள். நுளம்பு வலையைத் தாங்கியின் மேல் வாயில் கட்டிவிட்டு, நிரம்பி வழியும் பைப்பில் கட்ட மறப்பவர்கள் அதிகம். நிரம்பிய தாங்கி ஒரு தொன் எடை; பலகை ஸ்டாண்டில் வைக்காதீர்கள், மட்டமான கொங்கிறீட் தளம் வேண்டும். இந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் தரை கழுவவும்தான், குடிக்க அல்ல.

பதில் – காசல்ரீ
பில் ஏறுவது ஷவர் ஹீட்டரால். 3.5 கிலோவாட் ஹீட்டர் 10 நிமிடத்துக்கு 0.6 யூனிட் எடுக்கும். நாலு பேர் தினமும் குளித்தால் மாதம் 70 யூனிட். வாளியில் 15 லீட்டர் இளஞ்சூட்டு நீருக்கு 0.4 யூனிட் போதும், தண்ணீரும் மிச்சம்.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டிலேயே மின்தேவை உச்சம். அயன் பண்ணுவதையும் வாஷிங் மெஷினையும் பகலுக்கு மாற்றுங்கள். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாக் கோயில் வெளியே தெரியும் நாட்களில் லக்சபான நீர்மின் நிலையங்களுக்குப் போகும் நீரும் குறைவு. அந்த இடத்தைப் பெரும்பாலும் நிலக்கரியும் எண்ணெயும்தான் நிரப்புகின்றன.

பதுளை, பண்டாரவளைக்காரர் கவனிக்க: உங்கள் வறட்சி ஆனி முதல் ஆவணி வரை. தாங்கி சித்திரை மழையிலேயே நிரம்பியிருக்க வேண்டும்.

மழைமுகில்
மிக்க நன்றி. சாயத்தை இன்றிரவே ஊற்றிப் பார்க்கிறேன். சாடியில் லீக்ஸும் கரட்டும் இருக்கின்றன. அலசிய தண்ணீரை அவற்றுக்கு விடலாமா?

பீலிக்கரை
சலவைத் தூள் கலந்ததை வேண்டாம். அதன் உப்பு சாடி மண்ணில் தங்கி, இலை ஓரம் கருகும். அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை அன்றே, வெயில் இறங்கிய பின் வேரடியில் ஊற்றுங்கள். மண்ணின் மேல் காய்ந்த மானாப்புல்லை இரண்டு அங்குலம் பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது. தண்டைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், ஒட்டினால் அழுகும்.