இல்லினாயில் புலாஸ்கி நாளுக்கு ஏன் விடுமுறை?

ஏரிக்கரைவாசி:
சிகாகோ புறநகருக்குக் குடிவந்த புதிது. பள்ளி நாட்காட்டியில் மார்ச் முதல் திங்கட்கிழமை காசிமிர் புலாஸ்கி நாள், விடுமுறை என்று போட்டிருக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியிலோ அன்று வழக்கம்போல வகுப்பு உண்டாம். தேடிப் பார்த்தேன், போலந்துக்காரர், அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜியாவில் அடிபட்டு இறந்தவர் என்றிருந்தது. சரி, ஆனால் அவர் காலத்தில் இல்லினாய் என்று ஒரு மாநிலமே கிடையாதே, பிறகு எதற்கு இங்கே இவ்வளவு மரியாதை? மகள் கேட்கிறாள், 'போரில் இறந்தார்' என்பதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டும்.

குதிரைக்குளம்பு:
ஆள் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள், குழந்தைக்குப் பிடிக்கும். 1768ல் போலந்தில் ரஷ்ய ஆதிக்கத்தை எதிர்த்துப் பிரபுக்கள் பார் கூட்டமைப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் இவருடைய அப்பாவும் ஒருவர், மகனும் இளம் வயதிலேயே குதிரைமேல் ஏறிவிட்டார். செஸ்டகோவா மடத்துக் கோட்டையை ரஷ்யப் படையிடம் விட்டுக்கொடுக்காமல் காத்ததில் பெயர் பரவியது. ஆனால் கூட்டமைப்பு தோற்றது, அரசரைக் கடத்தப் பார்த்தார் என்று பழி விழுந்து, ஆள் இல்லாமலேயே மரண தண்டனையும் விதித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் தலை போய்விடும் என்ற நிலையில் இருந்தவரைத்தான் பாரிஸில் அமெரிக்காவின் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், விடுதலைப் படையின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பரிந்துரைத்து எழுதினார். 1777 செப்டம்பரில் பிராண்டிவைன் போரில் வாஷிங்டனின் படை பின்வாங்கியபோது, கையில் கிடைத்த குதிரைவீரர்களைத் திரட்டிக்கொண்டு பிரிட்டிஷ் படையைத் தடுத்து நிறுத்தினார், சில நாளிலேயே குதிரைப்படைக்குத் தளபதி ஆக்கினார்கள். 1779 அக்டோபர் 9ஆம் தேதி ஜார்ஜியாவின் சவான்னா நகரில் பீரங்கிச் சிதறுகுண்டு பட்டு, இரண்டு நாளில் இறந்தார். அமெரிக்கக் குதிரைப்படையின் தந்தை என்று இன்றும் சொல்கிறார்கள்.

மில்வாக்கி_வீதி:
வரலாறு சரி, ஆனால் கேள்வி ஏன் இல்லினாய் என்பதுதானே. அதற்கு விடை புலாஸ்கியிடம் இல்லை, சிகாகோவுக்கு வந்த போலந்து மக்களிடம் இருக்கிறது. 1795ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை முழுசாகப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு 1918 வரை உலக வரைபடத்தில் அப்படி ஒரு நாடே இல்லை. சிகாகோவின் இறைச்சிக் கூடங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் ஆயிரக்கணக்கில் அவர்கள் வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். சொந்த நாட்டின் பெயரைக்கூட ஆவணத்தில் எழுத முடியாமல் வந்து, கூலிக்காரக் கூட்டம் என்று ஏளனமும் பட்டவர்களுக்கு, இந்த நாடு பிறந்தபோதே எங்கள் ஆள் ஒருவர் இதற்காக உயிரைக் கொடுத்திருக்கிறார் என்று சொல்ல முடிந்தது எவ்வளவு பெரிய பலம் என்று நினைத்துப் பாருங்கள். நாடில்லாதவர்களுக்கு, நாடிழந்து வந்த ஒருவரே நாயகன். அந்த மரியாதையும் சும்மா கிடைக்கவில்லை. 1933ல் கிராஃபோர்ட் அவென்யூவை புலாஸ்கி ரோடு என்று மாற்றியபோது அந்தத் தெருக் கடைக்காரர்கள் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், வழக்கு 1950கள் வரை இழுத்தது. வடக்கே ஸ்கோக்கி புறநகருக்குள் நுழைந்தால் அதே சாலை இன்னும் கிராஃபோர்ட்தான்.

குறுக்குக்கேள்வி:
இதில் ஓட்டுக் கணக்கும் இருக்கிறது நண்பர்களே, அதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. இறந்த நாளான அக்டோபர் 11ஐ 1929லிருந்தே நாடு முழுக்க நினைவுகூருகிறார்கள். அதற்கு மேல் 1977ல் இல்லினாய் தனியாக மார்ச்சில் ஒரு நாள் ஒதுக்கியது என்றால், சிகாகோவில் போலந்து வம்சாவளியினரின் ஓட்டு எந்தக் கட்சிக்கும் தேவைப்பட்டது என்பதும் ஒரு காரணம்.

மில்வாக்கி_வீதி:
இருக்கட்டுமே. ஓட்டு இருந்ததால்தான் கேட்கிற குரலும் இருந்தது. எந்தச் சமூகத்துக்கு விடுமுறை கேட்காமல் கிடைத்திருக்கிறது? மார்ச் ஏன் என்றால் அவர் பிறந்தது மார்ச் தொடக்கத்தில். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். பள்ளிகள் விரும்பினால் அன்று வகுப்பு நடத்தலாம் என்று சட்டம் தளர்ந்த பிறகு பல இடங்களில் நாளும் போனது, பாடமும் போனது. வகுப்பு வைத்தால் தவறில்லை, அன்றைக்கு அரை மணி நேரமாவது புலாஸ்கியைப் பற்றிப் பேசலாமே.

ஏரிக்கரைவாசி:
பக்கத்து ஊரில் வகுப்பு இருப்பது இதனால்தானா, இப்போது புரிகிறது. அன்று மகளை எங்காவது கூட்டிப்போகலாமா?

குதிரைக்குளம்பு:
மில்வாக்கி அவென்யூவில் அமெரிக்கப் போலந்து அருங்காட்சியகம் இருக்கிறது, வருடா வருடம் அந்தத் திங்கட்கிழமை அங்கே விழா எடுப்பது வழக்கம், மேயர், ஆளுநர் என்று அரசியல்வாதிகளும் வருவார்கள். நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய மண்டபத்தில் பதோவ்ஸ்கி வரைந்த சவான்னா போர்க்கள ஓவியம் மாட்டியிருக்கிறது, குண்டடிபட்டு புலாஸ்கி குதிரையிலிருந்து சாய்கிற கணம். அதை முதலில் காட்டிவிட்டு அப்புறம் கதையைச் சொல்லுங்கள்.