சின்ன காபி கடை: ஆட்களை மாற்றுவதா, வேறு வழி உண்டா?

கேள்வி:
கோவையில் மாமா நடத்திய காபி கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல இடம்தான், ஆனால் பணியாளர்கள் வருகிறவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, டம்ளரை டக்கென்று வைத்துவிட்டுப் போகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
ஆளை மாற்றாதீர்கள். சம்பளம் சரியான தேதியில் போகிறதா, உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். விடியற்காலையிலிருந்து நிற்பவரிடம் சிரிப்பை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அப்புறம், கூட்ட நேரத்தில் நீங்களே கல்லாவை விட்டு எழுந்து மேசை துடையுங்கள்.

பதில் 2:
சரி, ஆனால் பயிற்சியும் வேண்டும். ஸ்டார்பக்ஸ் என்ற பெரிய காபி கடை நிறுவனத்தின் தலைமைக்கு ஹோவர்ட் ஷுல்ட்ஸ் மறுபடி வந்த கையோடு, 2008 பிப்ரவரி 26 அன்று அந்த நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளைச் சில மணி நேரம் மூடி, எஸ்பிரெசோ என்ற கெட்டிக் காபி போடுவதை ஊழியர்களுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது. நீங்களும் ஒரு மதியம் கடையைச் சாத்திவிட்டு, காலையில் இறக்கிய டிகாக்‌ஷனையும் புதிதாக இறக்கியதையும் அவர்களையே குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மணம் போனது நாக்கிலேயே தெரியும், பழையதை ஊற்ற அவர்களுக்கே மனம் வராது.

பதில் 3:
எங்கள் தெருக் கடையில் புது மேலாளர் செய்த முதல் காரியம், காபி சரியில்லை என்றால் யாரையும் கேட்காமல் வேறு போட்டுத்தரப் பணியாளருக்கே உரிமை கொடுத்தது. இப்போது "சர்க்கரை கம்மிதானே அண்ணா?" என்று அவர்களே கேட்கிறார்கள்.