எல். ஃபிராங்க் பாமின் 'விசார்ட் ஆஃப் ஓஸ்' கதைகளை விரும்புகிறவர்கள் கூடும் ஓஸ் மாநாடுகளில் உங்களால் மறக்க முடியாத பேச்சாளர் யார்?

வெள்ளிக்காலணி:
பாம் அபர்டீன் ஊரில் நடத்திய பத்திரிகையில் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு எதிராக எழுதிய தலையங்கங்கள் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், மேலே விளக்கப் போவதில்லை. ஆனால் அவற்றை ஒருவர் மேடையில் முழுசாகப் படிக்க, உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். இன்னும் மனசை அரிக்கிறது.

சனிக்கிழமை மதியம். சாயங்கால வேஷப் போட்டிக்குப் பாதிப் பேர் அப்போதே தயாராக வந்திருந்தார்கள். பேச்சாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல். ஃபிராங்க் பாமின் கடை நொடித்த கதை, வாரப் பத்திரிகையை எடுத்து நடத்திய கதை எல்லாவற்றையும் கலகலப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், 1890 டிசம்பர் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று சூ பூர்வகுடித் தலைவர் சிட்டிங் புல் கொல்லப்பட்ட உடனே எழுதியது. மற்றது 1891 ஜனவரியில், அமெரிக்க ராணுவம் சூ மக்களைக் கொன்ற வூண்டட் நீ படுகொலைக்குப் பிறகு எழுதியது. மிச்சமிருக்கும் பூர்வகுடிகளை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்ற வரிகளை ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார். இரண்டாவதில் ஒரு வாக்கியத்தின் நடுவே தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்தார். விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி படித்தார். எனக்கு முன்னால் தகர மனிதன் வேஷத்தில் இருந்தவர் தலையிலிருந்த புனலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கேள்விகள் உண்டா?" என்றார். ஒரு கையும் எழவில்லை. ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கி, ஏலம் எத்தனை மணிக்கு என்று அறிவிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பில்லினா:
வெள்ளிக்காலணி, அந்த ஆசிரியையின் துணிச்சலை நானும் மதிக்கிறேன். ஆனால் அதைக் குடும்பத்தோடு வரும் மாநாட்டில்தான் படிக்க வேண்டுமா? 2006-ல் பாமின் வாரிசுகளே சூ மக்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள்.

நான் கேட்ட உரை பாமின் மாமியாரைப் பற்றியது. மட்டில்டா ஜாஸ்லின் கேஜ். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். மருமகன் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளை எழுதி அச்சில் கொண்டுவரச் சொல்லி விடாமல் தூண்டியவர். 1893-ல் மோஹாக் மக்கள் அவரைத் தங்கள் ஓநாய்க் குலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பேச்சாளர் அதைச் சொல்லி முடிக்கும்போது ஒரு முதியவர் எழுந்து, "இவ்வளவு பெரிய மனுஷி அதே வீட்டில் வந்து தங்கியிருந்தும், பாமால் எப்படி அப்படி எழுத முடிந்தது?" என்று கேட்டார். பேச்சாளர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எனக்குப் பதில் இல்லை" என்றார். ஆராய்ச்சியாளர் ஒருவர் மேடையில் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஓஸ் நாட்டை ஆளும் பெண் ஓஸ்மாவையும், ஆட்சியைப் பிடிக்கும் ஜின்ஜரின் பெண்கள் படையையும் படைத்த ஆளும் பாம்தானே? ஒரு தலையங்கத்தை வைத்து மொத்த மனிதரையும் அளக்காதீர்கள்.

தகரமனிதன்:
ஒன்றல்ல, இரண்டு தலையங்கங்கள், பில்லினா. அது போகட்டும்.

பாம் பிறந்த ஊரான சிட்டனாங்கோவில் நடக்கும் ஓஸ் விழாவுக்கு, படத்தில் மஞ்ச்கின் என்ற குட்டை மனிதர்களாக நடித்தவர்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் போனவன் நான். 1939-ல் வந்த 'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் அப்படி நடித்த ஒரு பெரியவர் பேசினார். எல்லோருக்கும் கதாநாயகி டாரதியாக நடித்த ஜூடி கார்லண்ட் பற்றித்தான் கேட்க வேண்டும். அவரோ படப்பிடிப்பில் எடுத்த ஒரு குழுப் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் வரிசையில் இடது கோடியிலிருந்து ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்துப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். ஊர், என்ன வேலை பார்த்தார், எப்போது இறந்தார், எல்லாம். மஞ்ச்கின்களாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நடித்த படம் அது. திரையில் ஒருவர் பெயரும் தனியாக வராது, குழுவின் பெயர் மட்டும்தான். இரண்டாவது வரிசையில் பாதி வந்தபோது நேரமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். அவர் விரலை எடுக்காமல் அடுத்த பெயரையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். 2018-ல் மஞ்ச்கின் நடிகர் ஜெர்ரி மேரனும் போய்விட்டார். மிச்சப் பெயர்களை இனி யார் சொல்வது?

சோளக்கொல்லை பொம்மை:
என் மகளோடு போனபோது முதல் பதிப்புகள் சேகரிக்கும் ஒருவர் பேசினார். 1900-ல் வந்த முதல் ஓஸ் புத்தகத்தை ஓவியர் டென்ஸ்லோவின் வண்ணப் படங்களோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். கதை நடக்கும் ஊர் மாற மாற பக்கத்தின் நிறமும் மாறுகிறது என்று மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவ்வளவுதான் என் அனுபவம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். உரைகளில் பாதி புரியாது. புத்தகத்தில் டாரதியின் காலணி வெள்ளி, படத்தில்தான் மாணிக்கச் சிவப்பு. பாம் எழுதியது 14 ஓஸ் நாவல்கள். அத்தனையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறைந்தது இரண்டாவதையும் மூன்றாவதையும் படித்துக் காட்டுங்கள். இரண்டாவது புத்தகத்தில் வரும் சிறுவன் டிப் உண்மையில் யார் என்று தெரியாத குழந்தைக்கு ஓஸ்மா பற்றிய உரை ஒன்றுமே சொல்லாது. பாமுக்குப் பிறகு ரூத் பிளம்லி தாம்சன் தொடர்ந்து எழுதிய 19 புத்தகங்களை முதலில் தொடாதீர்கள், அவற்றின் சுவையே வேறு. முன்வரிசையில் உட்காருங்கள், பெரியவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். ஏலத்துக்குப் போனால் செலவுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு போங்கள். சிட்டனாங்கோவுக்கு ஜூன் மாதம் போகிறவர்கள் ஊர்வலத்தோடு திரும்பிவிடாமல் அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அப்புறம், கனமான உரைகளுக்கு எந்த வயதுப் பிள்ளைகள் வரலாம் என்று நிகழ்ச்சி நிரலிலேயே போட்டுவிட்டால் பில்லினாவின் கவலையும் தீரும்.

வெள்ளிக்காலணி:
பில்லினா, நான் பாமை அளக்கவே இல்லை. என் வீட்டில் 14-ம் இருக்கின்றன, இன்றைக்கும் படிக்கிறேன். என் வருத்தம் அந்த மண்டபத்தில் இருந்த எங்களைப் பற்றியது. வாரிசுகள் மன்னிப்புக் கேட்டது அந்த வரிகளைப் படித்ததனால்தானே? தகரமனிதன், அந்தக் குழுப் படத்தின் பிரதி கிடைக்குமா என்று விழாக்காரர்களிடம் கேட்டீர்களா? அந்த ஆசிரியையின் உரை அச்சில் வந்திருக்கிறதா என்று யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். ஓஸ் கழகத்தின் 'பாம் பியூகிள்' பழைய இதழ்களை வைத்திருப்பவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.