கிளினிக்கில பச்சைக் கட்டம் எண்டிச்சினம், அப்பா 51 வயசில போனவர். நம்பலாமோ?

மல்லாவி வயற்காரன்:
வணக்கம். எனக்கு 48. வவுனிக்குளத்துத் தண்ணியில வயல் செய்யிறன். மனுசியின்ர கரைச்சல் தாங்காமல், 35 தாண்டின ஆக்களைப் பாக்கிற கிளினிக்குக்குப் போனனான். நிறை, உயரம், இடுப்பு அளந்து, விரலில குத்திச் சீனி பாத்து, பிரஷர் 138க்கு 88 எண்டு கொப்பியில எழுதிச்சினம். பிறகு மிஸ்ஸி, மாரடைப்பு, பாரிசவாதம் வருமோ எண்டு பாக்கிற, நிறம் நிறமாக் கட்டம் போட்ட அட்டை ஒண்டை எடுத்து, "புகைக்கிறனீங்களோ?" எண்டா. பொங்கலோட பீடியை விட்டாச்சு, இல்லை எண்டன். விரலை ஓட்டிப் பாத்திட்டு, "பச்சை ஐயா, பத்து வீதத்துக்குக் கீழ" எண்டா.

எங்கட அப்பா 2001 இல, ஏ9 றோட்டுத் திறக்க முதல், வரம்பு கட்டிக்கொண்டு நிண்ட இடத்தில நெஞ்சைப் பொத்திக்கொண்டு சரிஞ்சவர். வயசு 51. அதுக்கு அட்டையில ஒரு கட்டமும் இல்லை, எட்டிப் பாத்தனான். அப்ப இந்தப் பச்சைக்கு என்ன பெறுமதி?

பரந்தன் பெடியன்:
அண்ணை, சாத்திரியிட்டக் குறிப்புக் காட்டினாலும் இதைத்தான் சொல்லுவார், கூலி மட்டும் கூட. விட்டிட்டு வேலையைப் பாருங்கோ.

பழைய மிஸ்ஸி, வவுனியா:
தம்பி பரந்தன், சாத்திரி பிழைச்சால் ஆரும் கணக்கு வைக்கிறேல்லை. இது கணக்கு வைச்சதால வந்தது. அமெரிக்காவில பிரமிங்ஹாம் (Framingham) எண்ட ஊரில 1948 இல தொடங்கி 5209 பேரை வருசக் கணக்காப் பின்தொடர்ந்து, ஆருக்கு மாரடைப்பு வந்தது, அவையளுக்கு முன்னம் என்ன இருந்தது எண்டு எழுதி வைச்சவை. பிறகு வந்த அட்டையளுக்கு வழி காட்டினது அதுதான்.

மல்லாவித் தம்பி, பத்து வீதத்துக்குக் கீழ எண்டா, உங்களைப் போல நூறு ஆம்பிளையளில பத்துப் பேருக்கும் குறைவாத்தான் அடுத்த பத்து வருசத்தில மாரடைப்போ பாரிசவாதமோ வரும். அந்தக் கொஞ்சப் பேரில நீங்கள் ஒராளோ எண்டு அட்டைக்குத் தெரியாது.

பச்சையைப் பத்து வீதத்தில வெட்டினால் அது பழைய அட்டை. 2019 இல உலக சுகாதார நிறுவனம் விட்டதில பச்சை எண்டா 5க்குக் கீழ. பழசில 40 இலிருந்து 49 மட்டும் ஒரே வரி. 48 வயசுக்காரனையும் 40 எண்டுதான் வாசிக்கும். அடுத்த வரிக்குக் கிட்ட நிக்கிற ஆளுக்கு உண்மையான ஆபத்து அட்டை சொல்லுறதை விடக் கூட எண்டு அதின்ர குறிப்பிலயே இருக்கு. தேப்பன், சகோதரன் 55க்கு முதல், தாய், சகோதரி 65க்கு முதல் இருதய வருத்தம் கண்டிருந்தாலும் அப்படித்தான். அப்பான்ர கதையைக் கொப்பியில எழுதுவியுங்கோ. பீடி விட்டு ஒரு வருசம் ஆகாட்டில் அட்டைக்கு நீங்கள் இன்னும் புகைக்கிற ஆள்தான். நிறம் மாறாமலும் இருக்கலாம், ஆனா சரியான கட்டத்தில பாக்கச் சொல்லுங்கோ.

138க்கு 88தான் எனக்கு உறுத்துது. 140க்கு 90 தாண்டினால் பிரஷர் எண்டுவம், நீங்கள் வேலிக்குப் பக்கத்தில நிக்கிறியள். சைக்கிள் உழக்கி வந்த கையோட அளந்தவையோ?

மல்லாவி வயற்காரன்:
மோட்டசைக்கிள் அக்கா. ஆனா வாங்கில இடமில்லை, நிண்டு போட்டு உள்ள போன உடன கையில பட்டியைச் சுத்திப்போட்டினம். வெளிக்கிட முதல் பிளேன்ரீயும் குடிச்சனான்.

பழைய மிஸ்ஸி, வவுனியா:
அப்ப அந்த இலக்கத்தை நம்பாதேங்கோ. அளக்க அரை மணித்தியாலம் முதல் தேத்தண்ணி, பீடி கூடாது. ஐஞ்சு நிமிசம் சாஞ்சு இருந்து, கால் நிலத்தில, கை நெஞ்சு மட்டத்தில, கதைக்காமல் அளக்க வேணும். ரெண்டு மூண்டு நாளில திருப்பிப் பாருங்கோ. பிரஷர் வருமோ எண்டு பாக்கவும் அதே பிரமிங்ஹாமில 2008 இல கணக்கு வந்தது. வயசு, நிறை, புகை, இப்போதைய பிரஷர், தாய் தேப்பனுக்குப் பிரஷர் இருந்ததோ எண்டதெல்லாம் அதில கேக்கும். வெள்ளைக்காரச் சனத்தில பாத்தது, எங்களுக்கு அச்சொட்டாப் பொருந்தும் எண்டில்லை.

புதுக்குடியிருப்பு தங்கச்சி:
அண்ணா, நாரி உழைவுக்கு ஊசி, குளிசை போடுறனீங்களோ? எங்கட அம்மாவுக்கு டைக்ளோபெனாக்கை நிப்பாட்டினாப் பிறகுதான் பிரஷர் இறங்கினது. நெத்தலிக் கருவாட்டுக் குழம்பையும் கிழமைக்கு ஒருக்கா ஆக்கினம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள எண்டினம், அம்மான்ர சம்பலிலயே அரைவாசி போயிடும் :)

மல்லாவி வயற்காரன்:
அறுவடை நேரம் அதைப் போடாமல் ஏலாது தங்கச்சி. அக்கா, அதையும் கொப்பியில எழுதுவிக்கவோ?

பழைய மிஸ்ஸி, வவுனியா:
கட்டாயம். சிறுநீரகம் வேலை செய்யிதோ எண்டு காட்டிற கிரியாட்டினின் எண்ட இரத்தச் சோதனையும் சலமும் பாக்கக் கேளுங்கோ. எங்கட பக்கம் சிறுநீரக வருத்தம் கூட, அதாலயும் பிரஷர் ஏறும், அட்டையில அதுக்கும் கட்டம் இல்லை.