‘அப்பத்தா வீடு’ குழு, ஞாயிறு இரவு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். இனியா குட்டிக்குக் காதுகுத்து, தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு என்று பூசாரியிடம் பேசிவிட்டேன். வேன் 17 சீட். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று இன்று இரவுக்குள் சொல்லவும். அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

செல்வி சித்தி: சரிங்க மாமா

அம்மா: அந்த ஞாயிறு சஷ்டி விரதத்துக்குள் வருகிறதே. கிடா வெட்டினால் நானும் வள்ளியும் என்ன சாப்பிடுவது?

கார்த்தி அண்ணன்: எனக்கு லீவு அந்த வாரம்தான் சித்தி. அதற்கு மேல் சிங்கப்பூரில் தர மாட்டார்கள்

பெரியப்பா: விரதக்காரர்களுக்குத் தனியாகச் சாம்பார்.

அம்மா: சாமிக்குக் கறி, எங்களுக்குச் சாம்பார். நல்லது.

வள்ளி அத்தை: அது இருக்கட்டும் அண்ணே. மதினி, திவ்யா வீட்டில் இருக்கிறாளா?

அம்மா: ரூமில் இருக்கிறாள். ஏன்?

வள்ளி அத்தை: தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவரோடு வேலை பார்த்த ஒருத்தர், நம் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வருவாரே, காது கொஞ்சம் மந்தம், அவர் மதியம் பேரனைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போயிருக்கிறார். தியேட்டர் வாசலில் நம் திவ்யா தேம்பித் தேம்பி அழுதுகொண்டு நின்றாளாம். பக்கத்தில் ஒரு பையன். பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட மேல்சட்டை. நெற்றியில் பெரிய தழும்பு. காதில் தொங்கட்டான். அவன்தான் கைக்குட்டை கொடுத்தானாம்.

செல்வி சித்தி: ஐயோ

அம்மா: ?

வள்ளி அத்தை: நான் சொல்லவில்லை. அவர் சொன்னது.

பெரியப்பா: யார் அவன்? எந்த ஊர்?

சரவணன்: ஹாஹாஹா அத்தை அது தான்ஜிரோ

கார்த்தி அண்ணன்: ஜப்பான்காரன் அப்பா. மலை மேல் வீடு. கரி விற்கிற குடும்பம்.

பெரியப்பா: விளையாடாதே

அம்மா: கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். திறக்க மாட்டேன் என்கிறாள்

திவ்யா: குளித்துக்கொண்டிருந்தேன்!!

திவ்யா: எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நான் போனது டீமன் ஸ்லேயர் படத்துக்கு, இன்ஃபினிட்டி கேசில், வெள்ளிக்கிழமைதான் இங்கே ரிலீஸ், ஜப்பான் மொழியிலும் இருக்கிறது, தமிழ் டப்பிங்கும் இருக்கிறது. அந்தப் பையன் யாரென்றே எனக்குத் தெரியாது. படத்து ஹீரோ தான்ஜிரோ மாதிரி வேஷம் கட்டி வந்திருந்தான், தழும்பு என்று மாமாவின் நண்பர் சொன்னது லிப்ஸ்டிக், அதுவும் பாதி வழிந்து புருவத்துக்கு வந்துவிட்டது, காதில் இருந்தது சீட்டுக்கட்டு மாதிரி அட்டையில் வெட்டி ஒட்டியது. நான் அழுவதைப் பார்த்து டிஷ்யூ நீட்டினான். கைக்குட்டை கூட இல்லை. அவனும்தான் அழுதான், வாசலில் நின்ற பாதிப் பேர் அழுதார்கள், அவர்கள் வீட்டுக்கெல்லாம் யாரும் போய்ச் சொல்லவில்லை.

பெரியப்பா: கார்ட்டூனா

திவ்யா: அனிமே பெரியப்பா

பெரியப்பா: பொம்மைப் படம்தானே

அம்மா: 26 வயது. வேலைக்குப் போகிற பெண்.

வள்ளி அத்தை: அந்தப் பையன் என்ன வேலை பார்க்கிறானாம்?

திவ்யா: அத்தை!!!

செல்வி சித்தி: அழுகிற மாதிரி அதில் என்னம்மா இருக்கிறது

சரவணன்: அம்மா கேட்காதே!! நான் செவ்வாய்க்கிழமைதான் போகிறேன். ஸ்பாய்லர் போட்டால் குழுவை விட்டுப் போய்விடுவேன்

பெரியப்பா: செல்வி, உங்கள் வீட்டில் 3 என்று எழுதட்டுமா

செல்வி சித்தி: இவர் வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை மாமா. 2 போடுங்கள் இப்போதைக்கு

திவ்யா: சித்தி நான் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு லவ் ஃபெயிலியர் என்றே நாளைக்குப் பேச்சாகிவிடும். அகாசா என்று ஒரு அசுரன். போன படத்தில், 2020இல் வந்த முகென் ட்ரெயினில், ரெங்கோகுவைக் கொன்றவன். ரெங்கோகு யாரென்றால், அசுரர்களை வேட்டையாடுகிற வீரர், ரயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கும் ‘உமாய்! உமாய்!’ (ருசி! ருசி!) என்று கத்திக்கொண்டே பெட்டிச் சாப்பாட்டை அடுக்கடுக்காகக் காலி செய்வாரே, அவர். அம்மாவுக்குத் தெரியும், ஒரு வருடம் என் டிபி அதுதான். விடிகிற நேரத்தில் வெயிலுக்குப் பயந்து அகாசா ஓடிவிடுவான், இவர் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டு உயிரை விடுவார். அன்றிலிருந்து அந்த அகாசா தலை எப்போது உருளும் என்று காத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் போனதே அதைப் பார்க்கத்தான். போய், கடைசியில் அவனுக்காகவே அழுதுவிட்டு வந்தேன். எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

சரவணன்: போச்சு

‘சரவணன்’ வெளியேறினார்

கார்த்தி அண்ணன்: கிணறு

திவ்யா: கிணறு. ஆமாம் அண்ணா.

பெரியப்பா: கிணறு என்றதும் ஞாபகம் வருகிறது. ஊர்க் கிணற்று மோட்டார் காயில் எரிந்து 20 நாள் ஆகிறது. பங்குப் பணம் இரண்டு வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன்.

வள்ளி அத்தை: எனக்கு அந்தத் தண்ணீரில் என்ன பங்கு அண்ணே. கட்டிக் கொடுத்த பெண்.

பெரியப்பா: மாங்காய் மூட்டை போகும்போது பங்கு இருந்தது

அம்மா: வேன் கணக்கு என்று ஆரம்பித்தீர்கள்

கார்த்தி அண்ணன்: நான் இங்கே ஆகஸ்ட்டிலேயே பார்த்துவிட்டேன் திவ்யா. படம் பிரமாதம், ஆனால் 155 நிமிடத்தில் பாதி பழைய கதை. ஷினோபு சண்டை போடுகிறாள், ஃபிளாஷ்பேக். ஜெனிட்ஸு, ஃபிளாஷ்பேக். வெட்டி முடித்துவிட்டு அழக் கூடாதா, கத்தி கழுத்தில் பாதி இறங்கும்போது நிறுத்தி அழ வேண்டுமா

திவ்யா: மூலக்கதையான மங்கா காமிக்ஸிலும் அப்படித்தான் அண்ணா. படித்தால் உறுத்தாது, தியேட்டரில் உறுத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். நான் பார்த்த இடத்தில் இன்னும் மோசம், ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கும்போது இன்டர்வெல் போட்டு விளக்கை எரிய விட்டார்கள், முன் வரிசை முழுக்க எழுந்து நின்று கத்தியது. ஆனால் அசுரர்களின் அந்தக் கோட்டை! படத்தை எடுத்த யூஃபோடேபிள்காரர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். மேல் கீழ் என்பதே கிடையாது, படிக்கட்டு தலைகீழாகத் தொங்குகிறது, கதவைத் திறந்தால் பாதாளம், ஒருத்தி பிவா என்கிற ஜப்பான் நரம்பு வாத்தியத்தை ஒரு தடவை மீட்டினால் அறைகள் எல்லாம் இடம் மாறுகின்றன. என் கால் தானாகவே சீட்டுக்கு மேலே ஏறிவிட்டது. ஜெனிட்ஸு சண்டை கொஞ்ச நேரம்தான். எப்போதும் அலறுகிற பையன் அதில் சத்தமே போடவில்லை, அதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா: இரண்டு நாளா? இன்றைக்குத்தானே போனாய்

திவ்யா: வெள்ளிக்கிழமையும் போனேன். அது ஜப்பான் மொழியில். இன்றைக்குத் தமிழில்.

அம்மா: கணினி வகுப்பு என்றாய்

வள்ளி அத்தை: இதைத்தான் சொன்னேன்

செல்வி சித்தி: அந்த அசுரன் கதையைச் சொல்லும்மா. என்ன கிணறு

‘செல்வி சித்தி’ ‘சரவணன்’ஐச் சேர்த்தார்

திவ்யா: அசுரனாவதற்கு முன்னால் அவனும் மனிதன்தான் சித்தி. பெயர் ஹகுஜி. சின்னப் பையன். அப்பா படுத்த படுக்கை, மருந்து வாங்கக் காசில்லை, அதனால் ஜேப்படி அடிப்பான். பிடிபட்டால் அடித்து, கையில் கோடு கோடாக வளையம் மாதிரி பச்சை குத்தி அனுப்புவார்கள், அந்தக் காலத்து ஜப்பானில் திருடன் என்று ஊருக்குக் காட்ட அப்படிச் செய்வார்களாம். அதற்கப்புறம் அவன் கையைப் பார்த்தாலே போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவன் மருந்துக்குத்தான் எடுத்தான் என்பது பச்சையில் வராது இல்லையா.

‘வள்ளி அத்தை’ இந்தச் செய்தியை நீக்கினார்

பெரியப்பா: படித்துவிட்டேன் வள்ளி. அந்தச் சங்கிலிப் பேச்சை எடுக்காதே என்று அம்மா முன்னால் வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

வள்ளி அத்தை: நான் படத்தைப் பற்றித்தான் சொன்னேன்

செல்வி சித்தி: 16 வருடமாகப் படத்தைப் பற்றித்தான் சொல்கிறீர்கள் மதினி. ஊசி ஒன்று 4,200 ரூபாய். பில் இன்னும் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது, வேண்டுமானால் போட்டோ எடுத்துப் போடட்டுமா

அம்மா: செல்வி விடு

கார்த்தி அண்ணன்: அப்பா நம் வீட்டில் 5 போடுங்கள்

பெரியப்பா: 5. திவ்யா வீடு 4, அம்மாவோடு சேர்த்து. வள்ளி?

வள்ளி அத்தை: பார்க்கலாம்

அப்பா: திவ்யா சாப்பிட வா. தோசை ஆறுகிறது.

சித்தப்பா: அந்தப் பையனோட அப்பா என்ன ஆனார்

சரவணன்: அப்பா நீங்களுமா!! இந்தக் குழுவில் நீங்கள் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது

திவ்யா: வேண்டாம் சித்தப்பா

சித்தப்பா: சொல்லும்மா

திவ்யா: தனக்காக மகன் திருடுவதைத் தாங்க முடியாமல் தூக்குப் போட்டுக்கொள்வார். நேர்மையாகப் பிழைத்துக்கொள், இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று எழுதி வைத்துவிட்டு.

சித்தப்பா: ம்

அம்மா: சாப்பிடும்போது போனை வை திவ்யா

திவ்யா: ஒரே ஒரு நிமிடம் அம்மா. சித்தி, அப்புறம் கெய்ஸோ என்று ஒரு சண்டை வாத்தியார் அவனைக் கூட்டிக்கொண்டு போய், நோயில் கிடக்கிற தன் மகள் கொயுகியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். திருடன் என்று கை சொல்கிறது, அந்தக் கையிலேயே பெண்ணை ஒப்படைக்கிறார். இவன் ராத்திரி பகலாக நெற்றியில் ஈரத்துணி மாற்றுவான், தண்ணீர் கொடுப்பான். உன்னால் விளையாடக் கூடப் போக முடியவில்லையே என்று அந்தப் பெண் அழும். வருடக்கணக்கில் பார்த்து, குணமாகி, கல்யாணம் பேசி முடிந்ததும் அப்பா சமாதிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்புவான். அவன் திரும்புவதற்குள் பக்கத்து வாத்தியார் கூட்டத்து ஆட்கள் கிணற்றில் விஷம் கலந்து அப்பாவும் மகளும் செத்துக் கிடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் 67 பேரை வெறும் கையாலேயே அடித்துக் கொன்றுவிட்டு நடந்து போகிறவனை அசுரர்களின் தலைவன் முசான் பிடித்து அசுரனாக்குகிறான். பழசு எல்லாம் மறந்துவிடும். ஆனால் அவன் சண்டை போடும்போது காலடியில் ஒரு பனிப்பூ கோலம் விரியும், ஆரம்பத்திலிருந்தே பார்க்கிறோம், ஏதோ டிசைன் என்று நினைத்திருந்தேன். அது கொயுகி தலையில் குத்தியிருந்த கொண்டை ஊசியின் வடிவம். அந்த ஊசியைக் காட்டினார்கள் பாருங்கள், அங்கே உடைந்தவள்தான் நான்.

செல்வி சித்தி: பாவம்டி

கார்த்தி அண்ணன்: ரெங்கோகுவை மறந்துவிட்டாயா

திவ்யா: மறக்கவில்லை. அதுதான் பிரச்சினை. மன்னிக்கவும் முடியவில்லை, திட்டவும் வாய் வரவில்லை.

பெரியப்பா: முடிந்ததா படம்

கார்த்தி அண்ணன்: இல்லை அப்பா, மூன்று பாகம், இது முதல் பாகம்தான்

பெரியப்பா: சீரியல் பரவாயில்லை

சரவணன்: எனக்கு இனிமேல் டிக்கெட் எதற்கு? யாராவது 180 ரூபாய் திருப்பித் தருகிறீர்களா

அம்மா: அத்தை கேட்கிறார்கள், சின்னவன் சாப்பிட்டானா என்று

செல்வி சித்தி: சாப்பிட்டார் அக்கா. ரசம் சாதம்.

அம்மா: அப்பளம் வைத்தாயா என்கிறார்கள்

செல்வி சித்தி: வைத்தேன்

வள்ளி அத்தை: நாங்கள் 3 அண்ணே. அந்த மோட்டார் பணம் நாளைக்கு ஜிபே பண்ணச் சொல்கிறேன் இவரை. ஆனால் ஜன்னல் சீட்டு வேண்டும், எனக்கு வாந்தி வரும்.

பெரியப்பா: 5, 4, 3, செல்வி வீட்டில் 2. பூசாரி ஒருத்தர். 15. கிடா ஒன்று போதுமா?

அம்மா: தேதியே முடிவாகவில்லை

பெரியப்பா: முடிவாகிவிட்டது

அம்மா: சஷ்டி

சித்தப்பா: செவ்வாய் எத்தனை மணி ஷோ

சரவணன்: 6.30. ஏன்? அப்பா நான் நண்பர்களோடு போகிறேன்

சித்தப்பா: நான் வேறு வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்

பெரியப்பா: வேனில் கடைசி வரிசைதான் காலி